நெல் மூட்டையில் தொடங்கும் நிதிக் கணிதம்

மேல்நிலை வகுப்புகளின் ‘நான் முதல்வன்’ வழிகாட்டி நேரத்தில் வழக்கமாக வரும் கேள்விகள் நமக்குத் தெரியும். செவிலியர் படிப்புக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும், பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவு நல்லது, காவலர் தேர்வுக்கு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சில ஆண்டுகளாக இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: “சார், டிரேடர் ஆகணும்னா என்ன படிக்கணும்?”

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறோம். “அதெல்லாம் சூதாட்டம், ஒழுங்காகப் படி” என்று வாயை அடைத்துவிடுகிறோம். அல்லது நமக்கே தெளிவில்லாததால் “பார்த்துச் செய்” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். முதல் பதிலைக் கேட்ட மாணவர் நம்மிடம் மறுபடி கேட்கமாட்டார், கைப்பேசியிடம் கேட்பார். இரண்டாவது பதில் அவரை நேராகப் பள்ளத்தில் இறக்கிவிடும். கணித ஆசிரியரிடம் மூன்றாவது பதில் ஒன்று உண்டு. புள்ளலூர்ப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பார்த்த அனுபவத்தையும், அதற்கான இரண்டு வகுப்பறைச் செயல்பாடுகளையும் இங்கே பகிர்கிறேன்.

ஏன் இப்போது?

எங்கள் பள்ளியில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போன முன்னாள் மாணவர் ஒருவர், ஆப்ஷன் வணிகத்தில் தன் சேமிப்போடு தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தையும் இழந்தார். கணக்கில் அவர் மோசமான மாணவர் இல்லை. ஆனால் தான் வாங்கிய பொருள் என்ன, அதற்கு அந்த விலை ஏன் என்ற இரண்டையும் யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. டெலிகிராம் குழுவில் வந்த ‘டிப்ஸ்’ மட்டுமே அவருக்குப் பாடப்புத்தகம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளைப் பார்த்தது. பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்திருந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24இல் இப்படி வணிகம் செய்தவர்களில் 43 விழுக்காட்டினர் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். அதற்கு முந்தைய ஆண்டில் இது 31 விழுக்காடாக இருந்தது. 72 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். நம்மிடம் படித்து வெளியே சென்ற பிள்ளைகளின் வயதும் ஊரும் இந்த எண்களுக்குள் இருக்கின்றன.

அதே சந்தையின் மறுபக்கத்தில் கணிதமும் புள்ளியியலும் கணினியும் படித்தவர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். அது ‘அளவுசார் நிதியியல்’ என்னும் துறை. கேள்வி கேட்கும் மாணவரை முதல் கூட்டத்தில் சேரவிடாமல் இரண்டாவது கூட்டத்தை நோக்கித் திருப்புவது நம்மால் முடிகிற காரியம்.

ஊருக்குத் தெரிந்த முன்பேரம்

டெரிவேட்டிவ் என்ற ஆங்கிலச் சொல்லைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ‘வகைக்கெழு’ என்று புரிந்துகொள்வார். நிதித்துறையில் அதற்கு வேறு பொருள். இன்னொரு பொருளின் விலையைச் சார்ந்து தன் மதிப்பைப் பெறும் ஒப்பந்தமே டெரிவேட்டிவ். நாளிதழ்கள் ‘முன்பேர வணிகம்’ என்று எழுதுவது இதன் ஒரு வகை. சொல் புதிதாக இருந்தாலும் பழக்கம் நம் ஊர்களில் பழையது.

புளியமரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து, காய்ப்பைக் கணித்து, மரத்துக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். பின்னால் கிடைக்கப்போகும் பொருளுக்கு இன்றே விலை பேசுவது முன்பேரம். காய்ப்பு குறைந்தாலும் விலை சரிந்தாலும் நட்டம் வியாபாரிக்கு. விலை ஏறினால் மரத்துக்காரர் அந்த லாபத்தை விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். இருவரும் ஆளுக்கொரு கவலையைக் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

ஆப்ஷன் என்பது இதிலிருந்து சற்று மாறுபட்டது. அதில் ஒருவருக்கு உரிமை மட்டும் உண்டு, கட்டாயம் இல்லை. இதற்கு நம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2025-26 கொள்முதல் பருவத்தில், ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையோடு தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். வெளியில் வியாபாரி 2,700 தருவதாகச் சொன்னால் விவசாயி அவருக்கே விற்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். வெளி விலை 2,200 ஆக இறங்கினால் நெல்லை நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். குறிப்பிட்ட விலைக்கு விற்கும் உரிமை, ஆனால் விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிதித்துறையில் இதன் பெயர் ‘புட் ஆப்ஷன்’. குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமை ‘கால் ஆப்ஷன்’.

விவசாயிக்கு இந்த உரிமையை அரசு விலையில்லாமல் தருகிறது. விலை இறங்கினால் வரும் செலவை அரசு ஏற்கிறது. சந்தையில் அப்படி யாரும் சும்மா தரமாட்டார்கள். ‘அப்படியானால் இந்த உரிமைக்கு எவ்வளவு கேட்கலாம்?’ என்ற கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டால் பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

உலக வரலாற்றையும் ஓரிரு வரியில் சேர்க்கலாம். ஜப்பானின் ஒசாகா நகரில் டோஜிமா அரிசிச் சந்தையின் முன்பேர வணிகத்தை 1730இல் அந்நாட்டு அரசு முறைப்படி ஏற்றது. பம்பாயில் 1875இல் பருத்திக்கு அமைப்பு முறையில் முன்பேர வணிகம் தொடங்கியது. இந்தியப் பங்குச் சந்தைகளில் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் 2000 ஜூனில் வந்தது; அடுத்த ஆண்டே ஆப்ஷன்ஸும் வந்துவிட்டது. அரிசியும் பருத்தியும்தான் இதன் தாய்வீடு.

செயல்பாடு 1: உரிமைச் சீட்டின் விலை
(ஒன்பதாம் வகுப்பு முதல், தேவை: இரு மாறிகளில் அமைந்த ஒருபடிச் சமன்பாடுகள்)

கரும்பலகையில் இப்படி எழுதுங்கள். இன்று ஒரு மூட்டை நெல் 1,500 ரூபாய். மூன்று மாதம் கழித்து விலை 1,800 ஆகும், அல்லது 1,400 ஆகும். வேறு எதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்வோம். அரிசி ஆலைக்காரர் ஒருவர் நெல் வியாபாரியிடம் வந்து, “மூன்று மாதம் கழித்து ஒரு மூட்டையை 1,600 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை எனக்கு எழுதிக்கொடுங்கள். வேண்டுமானால் வாங்குவேன், வேண்டாமானால் விட்டுவிடுவேன்” என்கிறார். வியாபாரி அந்தச் சீட்டுக்கு இன்று எவ்வளவு கேட்க வேண்டும்? வட்டியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

விலை 1,800 ஆனால் ஆலைக்காரருக்கு 200 ரூபாய் ஆதாயம். 1,400 ஆனால் சீட்டு வெறுங்காகிதம். பெரும்பாலான மாணவர்கள், “பாதி வாய்ப்பு சார், அதனால் 100 ரூபாய்” என்பார்கள். நிகழ்தகவு படித்தவர்கள் சொல்லக்கூடிய பதில்தான். இப்போது இப்படிக் கேளுங்கள்: “பாதி வாய்ப்பு என்று யார் சொன்னது? வானிலையையும் விளைச்சலையும் பொறுத்து அது பத்தில் மூன்றாக இருக்கலாம், பத்தில் எட்டாகவும் இருக்கலாம். வாய்ப்பு எவ்வளவு என்றே தெரியாமல் விலை சொல்ல முடியுமா?”

முடியும். வியாபாரி இன்று ‘ம’ அளவு மூட்டை வாங்கி வைக்கிறார். அதற்காக ‘க’ ரூபாய் கடன் வாங்குகிறார். மூன்று மாதம் கழித்து மூட்டையை விற்றுக் கடனை அடைத்தபின் கையில் மிஞ்சுவது, ஆலைக்காரருக்குத் தர வேண்டிய தொகைக்கு இரண்டு நிலையிலும் சரியாக இருக்க வேண்டும்.

விலை ஏறினால்: 1,800 ம − க = 200
விலை இறங்கினால்: 1,400 ம − க = 0

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 400 ம = 200. ஆகவே ம = 1/2, க = 700. அரை மூட்டையின் இன்றைய விலை 750. அதில் 700 கடன். மீதி 50 ரூபாய் இருந்தால் போதும். சீட்டின் சரியான விலை 50 ரூபாய்.

மாணவர்கள் சும்மா ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் கூடாது. சரிபார்க்கச் சொல்லுங்கள். விலை ஏறினால் அரை மூட்டை 900க்கு விற்கும். கடன் 700 போக 200. அது அப்படியே ஆலைக்காரருக்கு. விலை இறங்கினால் அரை மூட்டை 700க்கு விற்கும், கடன் அடைந்தது, ஆலைக்காரர் வரமாட்டார். இரண்டு நிலையிலும் வியாபாரிக்கு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. சீட்டை 100 ரூபாய்க்கு விற்றிருந்தால், நெல் விலை எப்படிப் போனாலும் 50 ரூபாய் அவருக்கு நிச்சயம். விலை ஏறுமா இறங்குமா என்று அவர் யாரிடமும் ஜோசியம் கேட்கவில்லை என்பதை மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.

அடுத்து வீட்டுப்பாடம்: இறங்கும் விலை 1,400க்குப் பதில் 1,200 என்றால்? மாணவர்கள் ம = 1/3, க = 400 என்று கண்டு, சீட்டின் விலை 100 ரூபாய் என்று கொண்டுவருவார்கள். நெல்லின் இன்றைய விலை மாறவில்லை, ஏறும் விலை மாறவில்லை; கீழ்ப்பக்க இடைவெளி அகன்றதும் வாங்கும் உரிமையின் விலை இரு மடங்காகிவிட்டது! ஏற்ற இறக்கம் கூடக் கூட உரிமையின் விலையும் கூடுகிறது. ஏற்ற இறக்கத்தை அளக்கப் பத்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் கருவி திட்ட விலக்கம். “இதெல்லாம் வாழ்க்கையில் எதுக்கு சார் உதவும்?” என்ற பழைய கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டு நிலைகளுக்குப் பதிலாக, நொடிக்கு நொடி சிறுசிறு ஏற்ற இறக்கங்கள் என்று எடுத்துக்கொண்டால் ஒருபடிச் சமன்பாடு வகைக்கெழுச் சமன்பாடாக மாறும். ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோர் 1973இல் வெளியிட்ட சூத்திரம் இந்த எண்ணத்தின் வளர்ச்சியே. ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர். பிளாக் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார். மறு ஆண்டு நடந்ததையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த இருவரும் பங்குதாரர்களாக இருந்த ‘லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட்’ நிதி நிறுவனம் 1998இல் சில மாதங்களில் 400 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. ‘வேறு எதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்வோம்’ என்று நாம் கரும்பலகையில் எழுதினோமே, அந்த வரி நிஜச் சந்தையில் செல்லாது.

செயல்பாடு 2: புளியங்கொட்டைச் சந்தை
(ஆறாம் வகுப்பு முதல், தேவை: ஆளுக்கு 30 புளியங்கொட்டை, ஒரு நாணயம், ஒரு டப்பா)

ஒவ்வொரு மாணவரும் 10 முறை நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் ஆசிரியரின் குவியலிலிருந்து 2 கொட்டை பெறலாம். பூ விழுந்தால் 2 கொட்டை தர வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுண்டலுக்கும், வென்றாலும் தோற்றாலும், ஒரு கொட்டையை டப்பாவில் போட வேண்டும். அது தரகுக் கட்டணம். காசு வைத்து விளையாடும் பழக்கத்தை எந்த வடிவிலும் வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் கொட்டையை வேறு எதற்கும் மாற்ற முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும், தொடங்கியபோது இருந்ததைவிட அதிகமாக வைத்திருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். 40 பேர் வகுப்பில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் நிற்பார்கள். 10இல் 7 முறை தலை பெற்ற மாணவரும் 2 கொட்டை இழந்திருப்பதைக் கண்டு வகுப்பே வியக்கும். கணக்கு இதுதான்: 7 வெற்றிக்கு 14, 3 தோல்விக்கு 6 போக 8, கட்டணம் 10, ஆக 2 நட்டம். லாபம் வேண்டுமானால் குறைந்தது 8 தலை விழ வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு இதன் நிகழ்தகவை 56/1024 என்று காண்பார்கள், ஏறக்குறைய 5.5 விழுக்காடு. நாணயம் யாரையும் ஏமாற்றவில்லை. டப்பாவை மட்டும் திறந்து எண்ணிக் காட்டுங்கள். 400 கொட்டை இருக்கும்.

உண்மைச் சந்தையில் கட்டணத்தின் பங்கு இவ்வளவு பெரியதில்லை, நட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் செபியின் அதே ஆய்வு, அந்த 3 ஆண்டுகளில் தனிநபர்கள் செலுத்திய கட்டணங்கள் மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய் என்கிறது.

எழுந்து நிற்கும் அந்த இரண்டு மூன்று பேரிடம் “எப்படி வென்றாய்?” என்று கேளுங்கள். “கட்டை விரலை இப்படி வைத்துச் சுண்டினேன்”, “மூன்று பூ விழுந்தால் அடுத்தது தலைதான்” என்று ஆளுக்கொரு உத்தி சொல்வார்கள். யூடியூபில் ‘ஒரே மாதத்தில் லட்சாதிபதி’ என்று பேசுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டால், விளக்கமே தேவைப்படாது. உட்கார்ந்திருப்பவர்கள் காணொளி போடுவதில்லை.

பொன்னேரியிலிருந்து ஏபெல் பரிசு வரை

இந்தத் துறையில் நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய பெயர் எஸ்.ஆர். சீனிவாச வரதன். 1940இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி, பொன்னேரி போர்டு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனவர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டமும் அன்று அதே செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தார். பிறகு கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். அவருடைய ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ரஷ்யக் கணித மேதை கோல்மகரோவும் ஒருவர். 1963இல் நியூயார்க் சென்று கூரன்ட் கணித நிறுவனத்தில் சேர்ந்தார். 2007இல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசைப் பெற்றார்.

அந்தப் பரிசுக்குக் காரணமான ‘பெரும் விலகல்’ கோட்பாட்டை எளிமையாகச் சொன்னால், எப்போதோ நடக்கும் அரிய நிகழ்வுகளின் நிகழ்தகவை அளக்கும் முறை. நூறு முறை சுண்டினால் ஐம்பதை ஒட்டித் தலை விழும். தொண்ணூறு விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? ஒரே நாளில் எல்லாப் பங்குகளும் சரிய, ஒரே ஆண்டில் எல்லாக் காப்பீட்டுதாரர்களும் இழப்பீடு கேட்க எவ்வளவு வாய்ப்பு? காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் அஞ்சுவது இந்தக் கேள்விகளைத்தான். டேனியல் ஸ்ட்ரூக்குடன் சேர்ந்து வரதன் செய்த ஆய்வுகளும், தற்செயலாக நகரும் அளவுகளைப் பற்றிய கணிதத்துக்கு, அதன் வழியே நிதிக் கணிதத்துக்கு, அடிப்படையாக இருக்கின்றன.

ஏபெல் பரிசு பெற்றபோது அளித்த நேர்காணலில் வரதன் தன் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியரை நினைவுகூர்ந்தார். வார இறுதியில் சில மாணவர்களை அந்த ஆசிரியர் தன் வீட்டுக்கு அழைத்துக் கணக்குகளைக் கொடுத்து யோசிக்கவைப்பாராம். கணக்கு என்பது தேர்வுக்குரியது என்ற நிலை போய், விளையாட்டுப் போல, புதிர் போல ரசிக்கத்தக்கது என்று அவர் வழியாகத் தெரிந்ததாம். அந்த ஆசிரியரிடம் நம்மிடம் உள்ள திறன் பலகை இல்லை, இணையம் இல்லை. கணக்கும் நேரமும் இருந்தன.

வேலை என்பது எது?

‘டிரேடர் ஆவது’ என்று மாணவர்கள் சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது கைப்பேசியும் சொந்தப் பணமும். அது வேலை இல்லை. இந்தத் துறையில் வேலை என்பவை இவை:

• அளவுசார் ஆய்வாளர்: ஒப்பந்தங்களுக்கு விலை காணும் கணித மாதிரிகளை உருவாக்குபவர். முதல் செயல்பாட்டில் நாம் செய்ததன் பெரிய வடிவம்.
• இடர் மேலாளர்: விலை இவ்வளவு சரிந்தால் நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்று அன்றாடம் கணக்கிடுபவர்.
• மென்பொருள் உருவாக்குநர்: கணிதத்தை நிரலாக மாற்றுபவர்.
• நிறுவன வணிகர்: நிறுவனத்தின் பணத்தில், வரையறுத்த எல்லைக்குள் வணிகம் செய்பவர்.
• காப்பீட்டுக் கணிப்பாளர்: காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கிடும் ஆக்சுவரி.

எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். செபி ஆய்வின்படி 2023-24இல் இந்தப் பிரிவில், கட்டணம் கழிக்கும் முன், சொந்த முதலில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் கண்டன. அந்த லாபத்தின் பெரும்பகுதி கணினி நிரல்கள் வழியே நடந்த வணிகத்தில் வந்தது. அறைமுழுக்கக் கணித அறிஞர்களும் அதிவேகக் கணினிகளும் இருக்கும் பக்கத்தை எதிர்த்து, பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் விளையாடுவதற்கும், படித்து அந்த அறைக்குள் வேலைக்குப் போவதற்கும் உள்ள தூரத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

படிப்பு வழிகள்

இந்தப் பாதையின் முதல் திருப்பம் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதுதான். கணிதத்தை அங்கே கைவிட்டவருக்கு இத்துறையின் பல கதவுகள் மூடிவிடும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிவு வருமுன்பே பெற்றோரிடம் பேசிவிடுவது நல்லது.

• சென்னைக் கணிதவியல் நிறுவனம், சிறுசேரி: கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த 3 ஆண்டு இளநிலைப் படிப்பு. தனி நுழைவுத் தேர்வு. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேருந்து தூரத்தில் இருந்தும் பெயர்கூடத் தெரியாத நிறுவனம்.
• இந்தியப் புள்ளியியல் நிறுவனம்: 1931இல் மகலனோபிஸ் நிறுவியது. கொல்கத்தாவில் புள்ளியியல், பெங்களூருவில் கணிதம் ஆகிய இளநிலைப் படிப்புகள். நுழைவுத் தேர்வில் தேர்ந்தவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு.
• சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பு: 2020இல் தொடங்கிய இணையவழிப் படிப்பு. ஜே.இ.இ. தேர்வு கட்டாயமில்லை, நான்கு வாரம் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். வருமானம் குறைந்த குடும்பத்தினருக்குக் கட்டணச் சலுகை உண்டு.
• அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் அல்லது புள்ளியியல்: வரதன் படித்த மாநிலக் கல்லூரி இன்றும் அரசுக் கல்லூரிதான். இதன்பின் சென்னைப் பொருளியல் பள்ளியில் நிதிப் பொருளியல், காப்பீட்டுக் கணிப்பியல் ஆகிய முதுநிலைப் படிப்புகளுக்கு முயலலாம்.
• இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் எழுதலாம். நீண்ட பாதை, வேலை பார்த்துக்கொண்டே தேர்வுகளை முடிக்கலாம்.
• வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கு: பி.காம்., பட்டயக் கணக்கர் படிப்போடு, செபி நிறுவிய தேசியப் பத்திரச் சந்தைகள் நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வுகள் உதவும். தரகு நிறுவனங்களில் டெரிவேட்டிவ் பிரிவில் பணியாற்ற இதன் எட்டாம் வரிசைத் தேர்வு தேவை.

இவற்றோடு பைத்தான் நிரல்மொழியும் ஆங்கில வாசிப்பும் இன்றியமையாதவை. நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு நாணயத்தை ஆயிரம் முறை சுண்டும் நிரலை மாணவர் எழுதிப் பார்த்தாலே நல்ல தொடக்கம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் உதவியையும் நினைவூட்டுங்கள். சொந்தப் பணம் போட்டு வணிகம் செய்த அனுபவம் இந்த வழிகளில் எதற்கும் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

வகுப்பு வாரியாக நாம் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்புகள்: பல்லாங்குழி, தாயம் ஆடி, எந்த எண் எத்தனை முறை விழுந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம். தாயக்கட்டை தரும் முதல் தரவு பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும்.

ஆறு முதல் எட்டு வரை: புளியங்கொட்டைச் சந்தை. உள்ளூர்ச் சந்தையில் தக்காளி விலையைத் தினமும் குறித்து, ஒரு மாதத்துக்கு வரைபடம். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி.

ஒன்பது, பத்து: உரிமைச் சீட்டுக் கணக்கு. அதே தக்காளி விலைகளுக்குத் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் கண்டு, வெங்காய விலையோடு ஒப்பிடுதல்.

மேல்நிலை: ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், வகைக்கெழுச் சமன்பாடு நடத்தும்போது நிதித்துறை உதாரணம் ஒன்றாவது சேர்த்தல். பொருளியல், வணிகவியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு கூட்டு வகுப்பு.

சில எச்சரிக்கைகள்

18 வயது நிறையாதவர்கள் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்ய முடியாது. ஆனால் அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ உள்ள கணக்கைக் கையாளும் மாணவர்கள் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். முதலீட்டு ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பெயரைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ‘உறுதியான லாபம்’ என்ற சொல் வந்தாலே அது மோசடி என்று மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். வகுப்பில் எந்தத் தரகு நிறுவனத்தின் செயலியையும் காட்ட வேண்டாம். எந்தப் பங்கையும் பரிந்துரைக்க வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி நாமும் ஊக வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நாம் கற்பிப்பது கணக்கு. அந்த எல்லையிலேயே நிற்போம்.

ஏற்கெனவே பணம் இழந்த முன்னாள் மாணவர் நம்மைத் தேடி வந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். இழந்ததை மீட்கிறேன் என்று மேலும் கடன் வாங்குவதுதான் அடுத்த ஆபத்து. “நாணயத்துக்குப் பழைய சுண்டல் நினைவில் இருக்காது” என்று நிகழ்தகவில் நாம் நடத்திய பாடத்தை அந்த நேரத்தில் அன்போடு நினைவூட்டினால் போதும்.

எல்லா மாணவர்களும் நிதித்துறைக்குப் போகப்போவதில்லை, போகவும் தேவையில்லை. ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறவர், காப்பீடு எடுக்கிறவர், கடன் வாங்குகிறவர் எல்லாருக்கும் ஒரு சீட்டைக் கையில் வாங்கியதும், “இதன் சரியான விலை என்ன? எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யார்?” என்று கேட்கத் தெரிய வேண்டும். இரண்டு பாடவேளைகளும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். எத்தனை பேர் எழுந்து நின்றார்கள் என்பதையும், அவர்கள் சொன்ன உத்திகளையும் இதழுக்கு எழுதுங்கள்.